கொக்கி, படி, பள்ளம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் நாகாஸ்திரத்தைப் பற்றியபடி நிற்கும் கர்ணனைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அந்த உயரத்தையும் மிடுக்கையும்தான் பார்ப்பார்கள். சிற்பம் பார்த்துப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், “நகத்தைப் பாருங்க, கையில நரம்பு புடைச்சிருக்கறதைப் பாருங்க” என்று விரல் நீட்டுவார். அதற்குப் பிறகு அது வேறு கல்.

அதே கிருஷ்ணாபுரத்தில் நரம்பும் நகமும் பார்க்கும் கண்ணோடு பார்க்கவேண்டிய வேறொன்றும் இருக்கிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வுக்கூடம் அங்கேதான் இயங்குகிறது. அங்குள்ள காந்தமானிகள் பூமியின் காந்தப்புலத்தை இரவும் பகலும் அளந்து ஒரு கோடாக எழுதிக்கொண்டே இருக்கின்றன. சூரியனின் மகனுக்குச் சிலை இருக்கும் ஊரில், சூரியன் அனுப்பும் அம்புகள் ஒவ்வொன்றும் அந்தக் கோட்டில் பதிவாகின்றன.

காந்தப்புயல் என்றதும் செய்திகளில் வருவது மின்தடையும் செயற்கைக்கோள் சேதமும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்து மின்கட்டமைப்பு முழுவதும் ஒன்றரை நிமிடத்தில் விழுந்தது. அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைப்பது அந்தக் கோடு. ஒரு புயலின் தொடக்கமும் உச்சமும் தணிவும் அதில் வெவ்வேறு கையெழுத்தில் இருக்கின்றன. எந்த நெளிவை எழுதியது எது என்று தெரிந்துவிட்டால், பிறகு அந்தக் கோட்டை வெறும் வரைபடமாகப் பார்க்க முடியாது.

முதலில் அளவு. திருநெல்வேலிப் பக்கம் பூமியின் காந்தப்புலத்தில் கிடைத்தளக் கூறு சுமார் 40,000 நானோடெஸ்லா. நல்ல காந்தப்புயல் ஒன்று அதில் குறைப்பது நூறோ இருநூறோ. நாற்பதாயிரம் ரூபாய்க் கட்டில் ஒரு நூறு ரூபாய்த் தாள் காணாமல் போவது போல. கையில் திசைகாட்டி வைத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இந்த நூலிழை வித்தியாசத்துக்குள்தான் சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான பதினைந்து கோடி கிலோமீட்டர் கதை அடங்கியிருக்கிறது.

புயலுக்கு முன் ஓர் அமைதியான நாளைப் பார்க்கவேண்டும். சுதி தெரியாமல் ஸ்வரம் பிடிபடாது. நள்ளிரவில் கோடு சமமாகக் கிடக்கும். சூரியன் எழுந்ததும் கோடும் எழத் தொடங்கும். பதினொரு மணி வாக்கில் உச்சி தொட்டு, பிற்பகலில் சரிந்து, பொழுது சாயும்போது பழைய மட்டத்துக்கு வந்து படுக்கும். தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே வெயில் காற்றின் அணுக்களை உடைத்து அயனிகளாக்குகிறது. மேலடுக்குக் காற்று அந்த அயனிகளைக் காந்தப்புலத்தின் குறுக்கே தள்ளிச் செல்கிறது. அங்கே மின்னோட்டம் பிறக்கிறது. உலகம் முழுவதும் பகல்தோறும் நடப்பதுதான் இது. ஆனால் இந்தியாவின் தென்முனையை ஒட்டிய நம் பகுதியில் காந்த நிலநடுக்கோடு போகிறது. அங்கே காந்தவிசைக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடப்பதால், மின்னோட்டம் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் ஒடுங்கிய பட்டையாகக் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. இதுதான் மின்தாரை. ஆற்றின் அகலம் குறையும் இடத்தில் நீர் விரைவது போன்ற காரியம். கேரளத்தின் தும்பா கடற்கரையை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததற்கும், 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்ததற்கும், தலைக்கு நேர் மேலே ஓடும் இந்த மின்தாரைதான் முக்கியக் காரணம்.

இந்தத் தாரையின் அளவைத் தனியே எடுக்க ஆய்வாளர்கள் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மும்பைக்குத் தெற்கே அலிபாகிலும் ஒரு காந்த நிலையம் உண்டு. அது மின்தாரையின் பட்டைக்கு வெளியே இருக்கிறது. திருநெல்வேலிக் கோட்டிலிருந்து அலிபாக் கோட்டைக் கழித்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் பொதுவானது போய்விட, மின்தாரை மட்டும் வடிகட்டிய காபி டிகாஷன் போல நிற்கிறது. சில பிற்பகல்களில் அந்தக் கோடு இரவு மட்டத்துக்கும் கீழே இறங்கும். தாரை திரும்பி மேற்கே ஓடுகிறது என்று அர்த்தம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி இது கூடுதலாக நிகழ்வதைக் கண்டிருக்கிறார்கள். கடலை ஏற்றி இறக்கும் நிலா, நூறு கிலோமீட்டர் உயரத்துக் காற்றையும் ஏற்றி இறக்குகிறது.

இனி சூரியன் கை வைக்கும் இடங்கள். முதலாவது கொக்கி.

பகல் பொழுது. கோடு தன் வழக்கமான மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. திடீரென்று அதன்மேல் ஒரு சிறு கூம்பு முளைக்கும். சில நிமிடத்தில் விருட்டென்று ஏறி, இறங்கும்போது மட்டும் நிதானமாக இறங்கும். ஏற்றம் செங்குத்து, இறக்கம் சாய்வு. பார்க்கக் கொக்கி மாதிரியே இருக்கும். ஆய்வாளர்கள் இதற்கு வழங்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கும் கொக்கி என்றுதான் பொருள். சூரியனில் ஓர் ஒளிர்வெடிப்பு நிகழ்ந்து, அதன் எக்ஸ் கதிர்கள் எட்டேகால் நிமிடத்தில் வந்து, அயனி மண்டலத்தில் இன்னும் நிறைய அணுக்களை உடைத்ததால் மின்தாரை சற்று நேரம் பெருக்கெடுத்திருக்கிறது. கதிர் பட்ட பக்கத்தில் மட்டுமே இது தெரியும். நமக்கு நண்பகலில் கொக்கி விழுந்தால், இதே காந்த நிலநடுக்கோட்டை ஒட்டிப் பெருவில் இருக்கும் ஊவான்காயோ நிலையத்தின் கோடு அசையாது. அங்கே நடு இரவு.

உலகம் கண்ட முதல் கொக்கிக்குத் தேதியும் மணியும் உண்டு. 1859 செப்டம்பர் 1, லண்டன் நேரம் முற்பகல் 11.18. ரெட்ஹில் என்ற ஊரில் ரிச்சர்ட் கேரிங்டன் தொலைநோக்கி வழியே சூரியனின் பிம்பத்தை விழவைத்து, கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். புள்ளிகளின் கூட்டத்துக்கு மேலே இரண்டு வெண்ணொளித் திட்டுகள் பளிச்சிட்டன. சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தபோதே ஒளி மங்கியிருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நல்லவேளையாக ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இன்னொருவர் வேறிடத்தில் அதையே தனியாகக் கண்டிருந்தார்.

அதே நேரம் லண்டனை அடுத்த கியூ ஆய்வகத்தில் இழையில் தொங்கிய காந்தத்தோடு சேர்த்து ஒட்டிய கண்ணாடி, விளக்கொளியை ஒரு புள்ளியாக எதிரொளித்துக்கொண்டிருந்தது. கடிகார விசையில் சுழலும் உருளையில் சுற்றிய புகைப்படத் தாளில் அந்தப் புள்ளி கோடாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு கழுவிப் பார்த்தபோது, கேரிங்டன் குறித்த அதே நிமிடத்தில் கோட்டில் ஒரு சின்னக் கொக்கி. எக்ஸ் கதிர்களை ராண்ட்ஜென் கண்டுபிடித்தது 1895இல். மனிதர்கள் அந்தக் கதிர் இருப்பதை அறிவதற்கு 36 ஆண்டுகள் முன்பே அது கியூ ஆய்வகத்துத் தாளில் தன் தழும்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. யாருக்கும் அப்போது அதைப் படிக்கத் தெரியவில்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சைத் தொடுகிற விஷயம்.

பதினேழரை மணி நேரம் கழித்துப் பெரும்புயல் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே தந்தி அடிப்பவர்கள் மின்கலத்தைக் கழற்றிவைத்துவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்சாரத்திலேயே செய்தி அனுப்பினார்கள். கேரிங்டன் அவசரப்படவில்லை. தான் பார்த்த ஒளியும் இந்தப் புயலும் அடுத்தடுத்து வந்ததைச் சொன்னார். ஒன்றால்தான் மற்றொன்று என்று அடித்துச் சொல்லவில்லை.

அவர் தயங்கியதில் நியாயம் உண்டு. கெல்வின் பிரபு 1892இல் ராயல் கழகத் தலைவராக இருந்து பேசும்போது ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். சாதாரணமான ஒரு காந்தப்புயலையே சூரியன்தான் உண்டாக்கியது என்றால், நான்கு மாதம் வெப்பமும் ஒளியுமாகச் செலவழிக்கும் ஆற்றலை அது எட்டு மணி நேரத்தில் செலவழித்திருக்க வேண்டும். ஆகவே நடக்காத காரியம் என்றார். கணக்கில் பிழையில்லை. சூரியன் காந்த அலையாக எல்லாத் திசையிலும் வீசுகிறது என்று தொடங்கியதில்தான் பிழை. சூரியன் வீசுவது அலையை அன்று, பொருளை. இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் 1958இல் இதைச் சூரியக் காற்று என்று எழுதிக் கொடுத்தபோது, கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர்கள் இருவரும் வேண்டாம் என்றார்கள். ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலின் ஆசிரியராக இருந்தவர், நம் மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்து ஒப்பவில்லை. ஆனாலும் கணிதத்தில் தவறு இருக்கிறதா என்று பார்த்தார்; எவராலும் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை; அச்சுக்கு அனுப்பிவிட்டார். 1962இல் மேரினர் 2 விண்கலம் அந்தக் காற்றை நேரிலேயே அளந்தது. தனக்குப் பிடிக்காத ஒன்றைப் பிழையில்லை என்பதற்காக வெளியிட்ட அந்த ஆசிரியரை நினைக்கும்போது, இந்தக் கோட்டின் கதையில் அவருக்கும் ஓர் இடம் தரவேண்டும் என்று தோன்றுகிறது.

அந்தக் காற்றில் ஏறி வருவதுதான் இரண்டாவது கையெழுத்து: படி.

வெடிப்போடு சில வேளை சூரியன் கோடிக்கணக்கான டன் பிளாஸ்மாவை மேகமாக உமிழ்கிறது. அது நொடிக்குச் சில நூறு கிலோமீட்டரிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேலான வேகத்தில் வரும். சூரியன் பக்கமாக நம் காந்தக் கவசத்தின் எல்லை சாதாரண நாளில் ஏறக்குறைய 60,000 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. மேகத்தின் அதிர்ச்சி முகப்பு வந்து மோதியதும் அந்த எல்லை உள்ளே அமுங்கும். அமுங்கிய புலம் நெருங்கி வலுக்கும். தரையில் கோடு ஒரே எட்டில் முப்பதோ நாற்பதோ நானோடெஸ்லா மேலே ஏறி நிற்கும். கொக்கியைப் போலப் பகல் பக்கத்தோடு இது நிற்காது. உலகத்தின் எல்லா நிலையங்களிலும் ஏறத்தாழ ஒரே நிமிடத்தில் இந்தப் படி விழும். கட்டடக்காரர் ரசமட்டம் வைத்துக் கட்டியது போன்ற கூர்மை.

இதிலும் ஒரு நகக்கண் நுணுக்கம் உண்டு. பகல் நேரத்தில் காந்த நிலநடுக்கோட்டு நிலையங்களில், படி ஏறுவதற்குச் சற்று முன்னால் கோடு ஒரு நிமிடம்போல் லேசாகக் கீழே போய் வரும். தாண்டுகிறவன் முதலில் முழங்காலை மடக்குவானே, அதுபோல. மோதலின் முதல் விளைவு துருவப் பகுதியின் அயனி மண்டலத்தில் ஒரு மின்புலமாக இறங்கி, அங்கிருந்து கிட்டத்தட்ட அதே கணத்தில் நம் தலைக்கு மேலுள்ள மின்தாரையைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது. பழைய பட்டியல்களில் இப்படிப்பட்ட தொடக்கங்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவைப்பார்கள். துருவத்தில் தட்டியது நெல்லையில் கேட்கிறது. அதற்கு ஒரு நட்சத்திரம்.

படி ஏறியதெல்லாம் புயலாகிவிடாது. வந்த மேகம் தன் காந்தப்புலத்தை எந்தத் திசையில் ஏந்தி வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது மீதி. வடக்கு நோக்கி இருந்தால், முட்டிவிட்டுப் பெரும்பாலும் விலகிப் போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் மடை திறந்துவிடும்: மேகத்தின் விசைக்கோடும் பூமியின் விசைக்கோடும் எதிரெதிராய்ச் சந்தித்து, அறுந்து, மாறி முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அந்த முடிச்சு வழியாக ஆற்றல் உள்ளே வருகிறது. மேகம் எந்தத் திசையை ஏந்தி வருகிறது என்பது நமக்கு உறுதியாகத் தெரிவது, சூரியன் பக்கமாகப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்1 புள்ளியில் நிற்கும் விண்கலங்களை அது கடக்கும்போதுதான். 2024 ஜனவரி முதல் நம் ஆதித்யா எல்1 அங்கே நிற்கிறது. அங்கிருந்து பூமிக்கு மேகம் வர அரை மணியோ ஒரு மணியோ. பங்குனியிலும் புரட்டாசியிலும், இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டி, பூமியின் சாய்வு அந்த மடைக்கு வாகாக அமைகிறது. அதனால் அந்த மாதங்களில் புயல்கள் அதிகம்.

மடை திறந்தால் பள்ளம். உள்ளே வந்த துகள்கள் பூமியைச் சுற்றிச் சில பத்தாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒட்டியாணம்போல் ஒரு வளைய மின்னோட்டமாகச் சுழல்கின்றன. நேர்மின் துகள்கள் மேற்கே, எலக்ட்ரான்கள் கிழக்கே. இரண்டும் சேர்ந்து மேற்கு நோக்கிய மின்னோட்டம். அதன் காந்தப்புலம் பூமியின் புலத்துக்கு எதிர். கோடு மணிக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும், பாதியில் தயங்கும், மறுபடி இறங்கும். இந்தப் பள்ளத்தின் ஆழத்துக்கு ஓர் அருமையான பொருள் இருக்கிறது: அந்த வளையத்தில் சுற்றும் துகள்கள் அனைத்தின் மொத்த ஆற்றலையும் ஆழத்தை வைத்தே சொல்லிவிடலாம். இந்த உறவை வகுத்தவர்களில் ஒருவரும் பார்க்கர்தான்.

1859 பள்ளத்தின் ஆழத்தை நமக்குச் சொன்னது மும்பை. கியூ ஆய்வகத்தில் ஒளிப்புள்ளி தாளின் விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டது, கோடு அறுந்துபோயிற்று. மும்பையின் கொலாபா ஆய்வகத்தில் தாள் கிடையாது. ஊழியர்கள் தொலைநோக்கி வழியே அளவுகோலைக் கண்ணால் பார்த்துப் பதிவேட்டில் எண்ணாக எழுதினார்கள். வழக்கமாக மணிக்கொரு முறை. புயல் வந்ததும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை. அந்த எண்களை 2003இல் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் எடுத்து ஆராய்ந்தபோது, கிடைத்தளக் கூறு சுமார் 1600 நானோடெஸ்லா விழுந்திருந்தது தெரிந்தது. 1989இல் கியூபெக்கை இருட்டாக்கிய புயலின் உலகளாவிய அளவு 589தான். கைப்பழக்கத்தில், கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரு எண்ணையும் தவறவிடாமல் எழுதிய அந்த ஊழியர்களை நான் சிற்பிகள் வரிசையில் வைப்பேன்.

கொலாபா பின்னாளில் அலிபாகுக்கு இடம் மாறியதற்குக் காரணம் மும்பைக்கு வரவிருந்த மின்சார டிராம். தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் சூரியனின் மெல்லிய எழுத்தை அழித்துவிடும் என்று, 1904 முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்து, ஒன்றின் தொடர்ச்சி மற்றதில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார்கள். காந்தம் ஏறாத கல்லையும் பித்தளையையும் செம்பையும் மரத்தையும் கொண்டு, ஓர் இரும்பு ஆணிகூட இல்லாமல் அளவுக்கூடம் கட்டினார்கள்.

பள்ளத்தின் சரிவில் இன்னும் உற்றுப் பார்த்தால் ஒரு நடுக்கம் தெரியும். கியூ ஆய்வகத்தில் பால்ஃபர் ஸ்டூவர்ட் 1861இலேயே இதைக் குறித்திருக்கிறார். நீண்ட காந்தவிசைக் கோடுகள் இரு முனையிலும் பூமியில் கட்டப்பட்ட தந்திகளாக அதிர்கின்றன. ஓர் அதிர்வுக்குச் சில நொடியிலிருந்து சில நிமிடம்வரை பிடிக்கும். தந்தியில் பாரம் ஏறினால் சுருதி இறங்குமல்லவா? விசைக்கோட்டில் பிளாஸ்மா அதிகம் ஒட்டியிருந்தால் அதிர்வும் மந்தமாகும். தரையில் இருந்துகொண்டு இந்தச் சுருதியைக் கேட்டே மேலே எவ்வளவு பிளாஸ்மா இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஜூலியஸ் பார்டெல்ஸ் என்ற ஜெர்மானியர் உலகம் முழுதுக்குமான காந்தக் கலக்கத்தை மூன்று மணிக்கொரு எண்ணாகச் சுருக்கி, சூரியன் ஒரு சுற்றுச் சுற்றும் 27 நாளை ஒரு வரியாக வைத்து அடுக்கினார். அந்தப் படம் பார்க்க மேற்கத்திய இசைக்குறிப்புத் தாள் போலவே இருந்ததால் இசைப்படம் என்ற பெயரே அதற்கு நிலைத்தது. சூரியனில் ஒரே இடத்திலிருந்து விடாமல் காற்று வீசினால், ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தில் அதே கலக்கம் பல்லவிபோல் திரும்பி வருவதைக் காணலாம்.

கடைசியாக ஏற்றம். இறங்கியது மணிக்கணக்கில், ஏறுவது நாள்கணக்கில். வளையத்தில் சுழலும் அயனிகள், பூமியைச் சூழ்ந்த மிக மெல்லிய ஹைட்ரஜன் மூட்டத்தில் ஓர் அணுவிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு மின்சுமை நீங்கி, வளையத்தை விட்டு வெளியேறிவிடும். ஒவ்வொன்றாய் இப்படிக் கழல, வளையம் மெலிகிறது. பெரிய புயல்களில் ஏற்றத்தின் முதல் பகுதி வேகமாகவும் பிற்பகுதி சோம்பலாகவும் இருப்பதுண்டு. பெரும்புயலில் அந்த வளையத்தில் சுழலும் அயனிகளில் கணிசமானவை ஆக்சிஜன். அவை சூரியனிலிருந்து வந்தவையல்ல. புயல் நம் வளிமண்டலத்தின் மேலடுக்கிலிருந்தே உறிஞ்சி எடுத்துக்கொண்டவை. நாம் மூச்சில் இழுக்கும் அதே தனிமம், அத்தனை உயரத்தில், சூரியனுக்கு வேலை செய்கிறது.

2024 மே 10 இரவு சுமார் பத்தரை மணிக்கு இந்தியாவின் நிலையங்களில் ஒரு படி விழுந்தது. நமக்கு இரவு என்பதால் முழங்கால் மடக்கம் இல்லை, நேரே ஏற்றம். அன்றிரவு லடாக்கின் ஹன்லே வானாய்வகத்துக் கேமராக்களில் வட அடிவானம் சிவந்தது. உயரத்தில் இருக்கும் ஆக்சிஜன்தான் அந்தச் சிவப்பையும் தந்தது. விடிவதற்குள் கோடு இறங்கிக்கொண்டே போய், காலையில் உலகளாவிய அளவு சுமார் 400 நானோடெஸ்லா பள்ளத்தைத் தொட்டது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது.

பெரும்புயலுக்கு மறுநாள் காந்த நிலநடுக்கோட்டு நிலையங்களின் கோட்டில் பகல் மேடு பல வேளை சூம்பிப்போய் இருக்கும். துருவங்களில் சூடேறிய காற்று அங்கிருந்து கிளம்பி நிலநடுக்கோட்டை நோக்கி வீசி, மின்தாரையை மட்டுப்படுத்தியிருக்கும். புயலின் இறுதிக் கையெழுத்து அந்தச் சூம்பிய மேடுதான். அதற்கு அடுத்த நாட்களில் கோடு இன்னும் பழைய மட்டத்துக்கு வந்திராது, ஏறிக்கொண்டே இருக்கும். அந்தச் சாய்ந்த ஏற்றத்தின்மேலேயே, சூரியன் எழுந்ததும், மேடு மறுபடி முழு உருவத்தில் கிளம்பும். பதினொரு மணிக்கு அதன் உச்சி தெரியும்.